ஓட்டை போடப் போன கதை

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரிட்டயர் ஆனவர். அவர் வயசுக்காரர்கள் காலையில் பார்க்கில் நடக்கிறார்கள், மாலையில் கோயிலில் உட்காருகிறார்கள். இவருக்கு வேறு மாதிரி ஆசை. உள்ளங்கை அளவுக்கு ஒரு நீராவி எஞ்சின் செய்ய வேண்டும். ஷோகேஸ் பொம்மை இல்லை. தண்ணீர் கொதித்தால் நிஜமாகவே ஓட வேண்டும். வராந்தாவில் ஒரு பழைய மேஜையைப் போட்டார். வைஸ் மாட்டினார். அடுத்து, மேஜை மேல் வைக்கிற சின்ன டிரில்லிங் மெஷின் ஒன்று வாங்கினார்.

ஓட்டையெல்லாம் ஜோராகப் போட்டது. வம்பு வந்தது, பித்தளைத் துண்டு ஒன்றில் நீளமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டி வந்தபோது. கடையில் ஒரு மில்லிங் கட்டரை வாங்கி வந்து டிரில்லின் சக்கில் மாட்டினார். பித்தளையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளினார். ஓர் அங்குலம் வெட்டியிருக்கும். அப்புறம் 'கடகட' என்று ஒரு நடுக்கம். சக் மொத்தமாகக் கழன்று விழுந்து, சுற்றிக்கொண்டே மேஜையில் உருண்டு, சுவரில் முட்டி நின்றது. விரல் தப்பியது அவர் வீட்டம்மா கும்பிடுகிற சாமி புண்ணியம்.

அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்துவிட்டது.

"ஏன் தம்பி, டிரில்லும் சுத்துது, மில்லும் சுத்துது. பாக்கறதுக்கும் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் நிக்குது. அப்புறம் எதுக்கு அதுக்கு மட்டும் அஞ்சு மடங்கு விலை சொல்றான்?"

"அண்ணன் தம்பி இல்ல சார். டிரில் பிட் செய்யறதுக்குன்னுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷினையே கண்டுபிடிச்சாங்க."

"என்னது?"

"நேர்ல வந்து சொல்றேன் சார். ஒரு சண்டையிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தம். 1861 ஏப்ரல் 12-ம் தேதி சம்ட்டர் கோட்டை மீது தென் மாநிலங்களின் பீரங்கிகள் வெடித்தன. அன்றைய தேதியில் அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொந்தமாகத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் இரண்டுதான். ஒன்று மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு. இன்னொன்று வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. யுத்தம் ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 18-ம் தேதி ராத்திரி, எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று வடக்கின் சிப்பாய்களே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குத் தீ வைத்துவிட்டு ஓடினார்கள். தீயை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த மெஷின்களை எல்லாம் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள் தெற்கத்திக்காரர்கள். (துப்பாக்கியை விடத் துப்பாக்கி செய்கிற மெஷின் முக்கியம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.)

ஆக, வடக்குக்கு மிஞ்சியது ஒரே ஒரு தொழிற்சாலை. சண்டைக்குக் கிளம்புகிறவர்களோ லட்சக்கணக்கில். வேறு வழியில்லாமல் தனியார் கம்பெனிகளுக்கு ஆர்டர் போனது. அப்படி ஆர்டர் பிடித்தவர்களில் ஒன்று, ரோட் ஐலண்டில் இருந்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனி.

இந்தத் துப்பாக்கி எப்படி வெடிக்கும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கிற கேப் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? அதே தத்துவம்தான். சுத்தியல் போய்க் கேப்பில் அடிக்கும். கேப் சின்னதாக வெடிக்கும். அந்த நெருப்பு, கேப் உட்கார்ந்திருக்கும் குமிழின் நடுவே இருக்கிற ஒரு மெல்லிய ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். ஓட்டை சரியில்லை என்றால் நெருப்பு உள்ளே போகாது. எதிரி முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது துப்பாக்கி 'டிக்' என்று மட்டும் சொல்லும்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குமிழ். ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைப் போட ஒரு பிட். சிக்கல் அந்தப் பிட்டில்தான் இருந்தது.

இரும்பில் ஓட்டை போடுவது மனுஷனுக்குப் புதுசு இல்லை. நம் ஊர்த் தச்சர்கள் கயிற்றைச் சுற்றி வில்லால் இழுத்துத் துறப்பணம் ஓட்டியது போல, உலகம் முழுக்கவே ஏதோ ஒரு வகையில் சுற்றித் துளைத்திருக்கிறார்கள். ஆனால் இரும்புக்கு அவர்கள் வைத்திருந்த பிட் பெரும்பாலும் தட்டை. கம்பியின் முனையை நெருப்பில் காய்ச்சி, அடித்துத் தட்டையாக்கி, மண்வெட்டி மாதிரி கூர் வைத்துவிடுவார்கள். கொஞ்ச ஆழம் வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் வெட்டின சீவல் வெளியே வர வழியில்லாமல் ஓட்டைக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். பிட் சூடாகும், வளையும், முறியும்.

இன்றைக்கு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற பிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பு முழுக்க இரண்டு பள்ளங்கள், முறுக்கின மாதிரி ஏறிப் போகும். அந்தப் பள்ளம்தான் சீவல் வெளியேறுகிற மாடிப்படி. இந்த முறுக்கு பிட் 1861-லேயே புழக்கத்தில் இருந்தது. செய்கிற விதம்தான் பரிதாபம். ஓர் உருக்குக் கம்பியை வைஸில் பிடித்து, எலிவால் மாதிரி நீண்டு மெலிந்த வட்ட அரத்தால் அந்தச் சுருள் பள்ளத்தைக் கையாலேயே ராவி ராவி எடுக்க வேண்டும். ஒரு பிட்டுக்கு இரண்டு பள்ளம். கண் கொஞ்சம் அசந்தால் ஒரு பள்ளம் ஆழமாகவும் இன்னொன்று மேலாகவும் போய்விடும். அப்படிப்பட்ட பிட் போடுகிற ஓட்டை நேராக இறங்காது.

பிராவிடன்ஸ் டூல் கம்பெனியின் பட்டறையில் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார் அதன் மேற்பார்வையாளர் ஃபிரெடரிக் ஹோவ். வெளியே யுத்தம். உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எலிவால் அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஹோவ் சாதாரண ஆள் இல்லை. அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், வெர்மாண்ட் மாநிலத்தில் விண்ட்ஸர் என்ற சின்ன ஊரில், ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி 1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக்குத் துப்பாக்கிகளை அனுப்பியது. ஒன்றைக் கழற்றி அதன் பாகத்தை இன்னொன்றில் மாட்டலாம், சரியாகப் பொருந்தும். அதைப் பார்த்து அசந்துபோன பிரிட்டிஷ்காரர்கள், பின்னால் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு அமெரிக்க மெஷின்களையே வாங்கிப் போட்டார்கள். அந்த மெஷின்களில் சிலவற்றுக்கு டிசைன் போட்டவர் இந்த ஹோவ். அதில் மில்லிங் மெஷினும் உண்டு.

மில் என்றதும் நமக்கு மாவு மில்தான் ஞாபகம் வரும். இது அந்த மில் இல்லை. சுற்றிலும் பல் வைத்த ஒரு கட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். வெட்ட வேண்டிய இரும்பை அதற்குக் கீழே இழைத்த மாதிரி நகர்த்துவார்கள். தச்சருக்கு இழைப்புளி எப்படியோ, இரும்புக்கு மில்லிங் மெஷின் அப்படி.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? அமெரிக்கப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ரொம்ப காலம் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன: எலி விட்னி. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மெஷின் செய்தாரே, அவரேதான். 1798-ல் பத்தாயிரம் துப்பாக்கிகள் செய்து தருவதாக அரசாங்கத்திடம் கான்ட்ராக்ட் எடுத்தார். சுமார் இரண்டு வருஷக் கெடு. கடைசித் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது 1809-ல்! நடுவே 1801-ல், ஜெஃபர்ஸன் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் முன்னால் பாகங்களைக் கலைத்துப் போட்டுத் திரும்ப மாட்டிக் காட்டிச் சபாஷ் வாங்கினார். பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அவர் கம்பெனித் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தவில்லை. கையால் ராவி, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். 1960-ல் ராபர்ட் வுட்பரி என்ற சரித்திர ஆசிரியர் இந்தக் கதையை ஆதாரத்தோடு கலைத்துப் போட்டார். 1818-ல் விட்னி செய்தது என்று பெருமையாகக் காட்டப்பட்ட மில்லிங் மெஷின், விட்னி செத்த (1825) பிறகு செய்யப்பட்டது என்று வாதாடினார் எட்வின் பாட்டிசன் என்ற மியூசிய அதிகாரி. அந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் மில்லிங் மெஷினுக்கு ஒரே அப்பா கிடையாது. மிடில்டவுனில் சிமியன் நார்த், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் என்று துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் பல பேர் ஆளுக்குக் கொஞ்சமாக வளர்த்த பிள்ளை அது. ஹோவும் அதில் ஒருவர்.

ஆனால் அந்த மெஷின்கள் எல்லாம் நேர்கோட்டு மெஷின்கள். சமதளம் இழைக்கும், நேராகப் பள்ளம் வெட்டும். பிட்டில் இருக்கிற சுருள் பள்ளத்தை வெட்டத் தெரியாது. ஹோவ் அதே ஊரில் இருந்த ஒரு கடிகாரக்காரரைத் தேடிப் போனார்.

ஜோசப் ரோஜர்ஸ் பிரவுன். 1810-ல் பிறந்தவர். அப்பா டேவிட் பிரவுன் கடிகாரம் செய்கிறவர். பையனும் அந்தத் தொழிலிலேயே ஊறி வளர்ந்தான். கடிகாரக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு: அளவு. மயிரிழை பிசகினாலும் தூக்கம் வராது. பிரவுனுக்கு அது முற்றிப்போய், 1851-ல் வெர்னியர் காலிப்பரைச் சாதாரணப் பட்டறைக்காரர் வாங்கக்கூடிய பொருளாகச் செய்து விற்க ஆரம்பித்தார். 1848-ல் அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த லூசியன் ஷார்ப் என்ற பையன், 1853-ல் பார்ட்னர் ஆனான். உலகத்து மெஷின் ஷாப்புகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மரியாதையோடு உச்சரித்த 'பிரவுன் அண்டு ஷார்ப்' அப்படிப் பிறந்ததுதான். 1858 முதல் வில்காக்ஸ் அண்டு கிப்ஸ் தையல் மெஷினைச் செய்து கொடுக்கிற வேலையும் அவர்களுக்கு வந்தது. ஆக, சுருள் வெட்டுகிற மெஷினுக்கான தேவை பிரவுன் பட்டறைக்குள்ளேயும் இருந்தது.

ஹோவ் கேட்டது ஒரே ஒரு வேலைக்கு ஒரு மெஷின். பிரவுன் யோசித்தது வேறு.

ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு முனையை அதன் மேல் வைத்துவிட்டு, பென்சிலை முன்னால் தள்ளிக்கொண்டே உருட்டுங்கள். பென்சில் மேல் சுருளாக ஒரு கோடு விழும். அவ்வளவுதான் தந்திரம். மேஜையை நகர்த்துகிற திருகையும், கம்பியைச் சுழற்றுகிற தலையையும் பல்சக்கரங்களால் இணைத்துவிட்டார் பிரவுன். மேஜை இவ்வளவு தூரம் போனால் கம்பி இவ்வளவு சுழல வேண்டும் என்று பல்சக்கரமே கணக்குப் பார்த்துக்கொள்ளும். சுருளின் சாய்வுக்கு ஏற்றபடி மேஜையையே திருப்பி வைத்துக்கொள்ளலாம். பல்சக்கரத்தை மாற்றினால் சுருளின் முறுக்கு மாறும். பிட் மட்டுமா? பல்சக்கரம் வெட்டலாம், கட்டர் வெட்டலாம், கோணத்தில் இழைக்கலாம். அதனால்தான் அதற்கு 'யுனிவர்சல்' மில்லிங் மெஷின் என்று பெயர் வந்தது.

முதல் மெஷின் 1862 மார்ச் 14-ம் தேதி விற்பனையானது. வாங்கியது வேறு யார்? பிராவிடன்ஸ் டூல் கம்பெனிதான். எலிவால் அரங்களைப் பெட்டியில் போட்டு மூடினார்கள். 1865-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். அப்புறம் உலகத்தில் எந்த மெஷின் ஷாப்பில் பார்த்தாலும் அதன் பேரன் பேத்திகள்தான். ஹோவ் பிற்பாடு பிரவுன் அண்டு ஷார்ப்புக்கே வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டோடு வந்த மாதிரி!

"சரி தம்பி, கதை நல்லாருக்கு. என் சக் ஏன் விழுந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

அதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் மோர்ஸ். தந்தி மோர்ஸ் வேறு ஆள். இவர் 1863 ஏப்ரல் மாதம் முறுக்கு பிட்டுக்கு ஒரு பேட்டன்ட் வாங்கினார். அடுத்த வருஷம் நியூ பெட்ஃபோர்டில் கம்பெனி ஆரம்பித்தார்கள். திமிங்கில வேட்டைக்குப் பேர்போன ஊர் அது. திமிங்கில எண்ணெய் வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊரிலிருந்து டிரில் பிட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிளம்பின.

பிட்டை மெஷினில் எப்படி மாட்டுவது? மோர்ஸ் பெயரால் இன்றைக்கும் வழங்குகிற வழி, கூம்பு. பிட்டின் வாலை மெல்லச் சரிகிற கூம்பாகச் செய்துவிடு. மெஷினின் தண்டிலும் அதே அளவில் கூம்புத் துளை. உள்ளே செருகி ஒரு தட்டு. பிடித்துக்கொள்ளும். திருகு இல்லை, ஆணி இல்லை. சரிவு ரொம்பக் கம்மி, இருபதுக்கு ஒன்று என்கிற கணக்கை ஒட்டி இருக்கும். அதனால் உராய்வே பூட்டாகிவிடும். பட்டறையில் 'எம்.டி. 2', 'எம்.டி. 3' என்று சொல்கிறார்களே, அது மோர்ஸ் டேப்பர். சின்ன டிரில்களில் சக்கும் தண்டும் சேர்கிற இடத்திலும் இதே மாதிரி ஒரு குட்டைக் கூம்புதான். (சக்கைச் சாவி போட்டு இறுக்குகிற முறைக்கு 1902-ல் வழி பண்ணியவர் ஆர்தர் ஜேக்கப்ஸ். பழைய சக்கை ஸ்பேனரால் திருகி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்ட எரிச்சலில் உட்கார்ந்து யோசித்தாராம்.)

இப்போது கவனியுங்கள். டிரில் பண்ணும்போது நாம் கீழே அழுத்துகிறோம். அழுத்த அழுத்தக் கூம்பு இன்னும் இறுகும். பிரமாதம். மில் பண்ணும்போது என்ன ஆகிறது? விசை பக்கவாட்டில் வருகிறது. அதுவும் நிதானமாக இல்லை, ஒவ்வொரு பல்லும் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. போதாக்குறைக்கு கட்டரின் சுருள், இரும்பைக் கடித்துக்கொண்டு தன்னையே கீழே இழுக்கும். பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே கீழே இழுத்தால் கூம்பு என்ன செய்யும்? பாட்டில் கார்க்கை ஆட்டி ஆட்டி எடுக்கிறோமே, அதேதான். அன்றைக்கு வராந்தாவில் நடந்ததும் அதுவே.

அதனால்தான் மில்லிங் மெஷினில் தண்டின் உச்சியிலிருந்து ஒரு நீளத் திருகு இறங்கி, கட்டர் பிடிப்பானை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். 'டிரா பார்' என்பார்கள். பார்ப்பதற்கு ஒரு சாதாரண போல்ட். வித்தியாசத்தில் பாதி அதில் இருக்கிறது.

மீதிப் பாதி, தடிமன். அம்மி ஏன் அவ்வளவு கனம்? ஆடக் கூடாது என்றுதானே? டிரில்லுக்கு ஒரு குழாய்க் கம்பம் போதும், மேலிருந்து கீழேதான் வேலை. மில்லுக்குக் கம்பம், தண்டு, மேஜை எல்லாமே பக்கவாட்டு அடியைத் தாங்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் வெட்டின இடத்தில் அலை அலையாகக் கோடு விழும். வார்ப்பிரும்பைக் கிலோ கிலோவாகக் கொட்டினால்தான் அந்த ஆட்டம் அடங்கும். பெரியவர் கேட்ட அஞ்சு மடங்கு விலை அந்த இரும்புக்குத்தான்.

இந்தக் கனம்தான் வீட்டில் பட்டறை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஜென்ம விரோதி. பொழுதுபோக்காக எஞ்சின் செய்கிறவர்கள் புதுசாக முளைத்த கூட்டம் கிடையாது. இங்கிலாந்தில் அவர்களுக்கென்றே 1898-ல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தோட்டத்துக் கொட்டகையில் குட்டி ரயில் எஞ்சின் செய்தார்கள். லேத்து வாங்கவே வருஷக்கணக்கில் காசு சேர்க்க வேண்டும். மில்லிங் மெஷின் என்பது பேராசை. என்ன செய்தார்கள்? லேத்திலேயே கட்டரைப் பிடித்துச் சுற்றவிட்டு, வெட்ட வேண்டிய துண்டை மேலும் கீழும் நகர்கிற ஒரு தாங்கியில் மாட்டி, மில் வேலையை ஒப்பேற்றினார்கள். 1946-ல் வந்த மைஃபோர்டு எம்.எல். 7 லேத்து, இப்படி எத்தனையோ கொட்டகைகளில் இரண்டு வேலையும் பார்த்தது. 1950-களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த 'யூனிமாட்', சாப்பாட்டு மேஜையில் வைக்கிற அளவு. படுக்க வைத்தால் லேத்து, தலையைத் தூக்கி நிறுத்தினால் டிரில், மில். குட்டிதான், அதனால் கொறிக்கத்தான் முடியும்.

பெரிய பட்டறைகளில் இதற்குள் வேறு ஒரு மெஷின் ராஜா ஆகிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர். ருடால்ஃப் பானோ, மேக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இரண்டு பார்ட்னர்கள், மற்றவர்களுடைய மில்லிங் மெஷின்களில் மாட்டிக்கொள்கிற ஒரு மோட்டார் தலையைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1936-ல் பானோவுக்கு ஒரு யோசனை. இந்தத் தலைக்கு நாமே ஓர் உடம்பு செய்தால் என்ன? கையில் கிடைத்த பழுப்புக் காகிதப் பையில் படம் வரைந்தார். 1938-ல் முதல் மெஷின் விற்றது. தண்டு நின்றவாக்கில் இருக்கும், கைப்பிடியைத் திருகினால் டிரில் மாதிரியே கீழே இறங்கும், ஆனால் மில் மாதிரி உறுதியாக நிற்கும். எடை ஏறக்குறைய ஒரு டன். உலகம் முழுக்க அதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். 'ஆர் 8' என்ற அதன் கட்டர் பிடிப்புக் கூம்பு, இன்றைக்கு சீனாவில் செய்கிற மேஜை மில்களில்கூட உட்கார்ந்திருக்கிறது. மோர்ஸ் கூம்பு மாதிரி அது கடித்துக்கொள்ளாது. டிரா பாரைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டினால் கழன்று வந்துவிடும்.

டிரில்லுக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு கலப்பினமும் உண்டு. 'மில் டிரில்' என்ற பெயரில் தைவானிலிருந்து வந்து பிரபலமானது. கனம் உண்டு, டிரா பார் உண்டு. ஆனால் கம்பம் உருண்டை. அதனால் ஒரு தொல்லை. சின்ன பிட்டைக் கழற்றிப் பெரிய பிட் மாட்ட இடம் போதவில்லை என்று தலையைக் கொஞ்சம் உயர்த்தினால், உருண்டைக் கம்பத்தில் தலை லேசாகத் திரும்பிவிடும். பழைய இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். சதுரக் கம்பமும் புறா வால் காடியும் வைத்த மெஷினில் இந்தத் தொல்லை இல்லை, தலை நேராக ஏறி நேராக இறங்கும்.

பெரியவர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "இப்ப நான் என்ன வாங்கணும், சொல்லுங்க."

"உங்களுக்கு ஓட்டை மட்டும் போதும்னா இருக்கிற டிரில்லே போதும் சார். அதுல ஒரு விஷயம் பாத்துக்கணும், அடிமட்ட வேகம். சாதா இரும்புக்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டலாம்னு ஒரு கணக்கு. 8 மில்லி பிட்டுன்னா ஆயிரம் சுத்து. 20 மில்லி பிட்டுன்னா நானூறுதான். நிறைய சின்ன டிரில்லு நானூறுக்குக் கீழ இறங்காது. இறங்காத மெஷின்ல பெரிய பிட்டைப் போட்டா புகைதான் வரும்."

"பள்ளம் வெட்டணும்னா?"

"மில்தான். டிரில்லுக்கு அடியில நகர்ற மேஜை ஒண்ணு வாங்கிப் போட்டா மில் ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மேஜை நகரும். மேல இருக்கிற சக்கு அதே சக்குதானே?"

"இன்னொண்ணு சொல்றேன் சார், கோவிச்சுக்கக் கூடாது. மெஷின் விலை மட்டும் பாக்காதீங்க. நல்ல வைஸ், கட்டர் பிடிக்கிற காலெட், கட்டர், இறுக்கற கிளாம்ப் இதெல்லாம் சேர்ந்து மெஷின் விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். வைஸ்ல கஞ்சத்தனம் பண்ணா எவ்வளவு நல்ல மில்லும் ஆடத்தான் செய்யும். துண்டைக் கையில மட்டும் பிடிச்சுக்காதீங்க. பிட்டு மாட்டிக்கிச்சுன்னா துண்டு ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும்."

வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "அதைக் கொஞ்சம் எழுதியே குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். ஹெலிகாப்டர் விஷயத்தைத்தான் சொன்னார்.

பாட்டிசன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? விட்னி கதையைத் தோண்டிய அந்த மனிதர், வெர்மாண்ட் விண்ட்ஸரில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றை 1966-ல் மியூசியம் ஆக்கினார். அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம் என்று பெயர். உள்ளே நூறு, நூற்றைம்பது வருஷத்து மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கட்டடம் 1846-ல் எழும்பிய ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் பட்டறையேதான். இளைஞனாக ஃபிரெடரிக் ஹோவ் வேலை பார்த்த அதே இடம். ராபின்ஸ் அண்டு லாரன்ஸ், கிரைமியா யுத்தத்துக்காக பிரிட்டிஷ்காரர்களிடம் வாங்கிய துப்பாக்கி ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் 1850-களிலேயே திவாலாகிவிட்டது. சுவர்கள் தப்பித்தன.

இரண்டு மாசம் கழித்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் டிரில் பக்கத்தில், சதுரக் கம்பம் வைத்த ஒரு சின்ன மில் நின்றுகொண்டிருந்தது. ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்களாம். பழைய மேஜை தாங்கவில்லை என்று இரும்புச் சட்டத்தில் புது மேஜை வேறு அடித்திருந்தார். பித்தளைத் துண்டில் பள்ளம் வெட்டியாயிற்றா என்று கேட்டேன்.

"அது அடுத்த வாரம். இப்ப சிலிண்டருக்கு ஓட்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். "இதுலயும் ஓட்டை போடலாம் தெரியுமா? டிரில்லை விட நேரா போகுது."

டிரில் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. விற்கப் போகிறீர்களா என்றேன். தலையை ஆட்டிவிட்டார். பேரன் லீவுக்கு வருகிறானாம், அவனுக்கு வேண்டுமாம்.